வோங் கிம் ஆர்க் ஐயாவுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய வோங் கிம் ஆர்க் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவில் எங்கள் மகள் பிறந்தபோது நானும் என் மனைவியும் வேலைக்கான தற்காலிக விசாவில் இருந்தோம். எங்கள் இருவருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு. அமெரிக்க மண்ணில் பிறந்ததால் குடியுரிமை பெற்ற அவளுக்கு மட்டும் அமெரிக்கக் கடவுச்சீட்டு வந்தது. அதை வெறும் அலுவலக நடைமுறையாகவே அன்று எடுத்துக்கொண்டேன். எங்களைப் போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த உரிமை கிடையாது என்ற ஆணையில் 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டபோதுதான், அந்த உரிமை யார் பட்ட பாட்டினால் நிலைத்தது என்று தேடத் தொடங்கினேன். ஆணையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்குகளில், 1898இல் நீங்கள் வென்ற குடியுரிமை வழக்கும் உங்கள் பெயருமே திரும்பத் திரும்ப வந்தன. நூற்றாண்டு கடந்து வரும் நன்றியாக இக்கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சான் பிரான்சிஸ்கோவின் சாக்ரமெண்டோ தெருவில் கடை வைத்திருந்த சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். சமையல் வேலை செய்து பிழைத்தவர். 1894இல் சீனாவுக்குப் புறப்படுவதற்கு முன்பே, நீங்கள் இந்த மண்ணில் பிறந்தவர் என்று வெள்ளையர்கள் கையெழுத்திட்ட சாட்சிப் பத்திரத்தைத் தயார் செய்துகொண்டீர்கள். பிறந்த ஊருக்குத் திரும்பி வர மற்றவர்களின் கையெழுத்து வேண்டியிருந்த காலம் அது. ஆனாலும், 1895 ஆகஸ்டில் 'காப்டிக்' கப்பலில் நீங்கள் வந்து சேர்ந்தபோது சுங்கத் துறைத் தலைவர் உங்களைக் கரையேற விடவில்லை. ஊர் கண்ணெதிரே தெரிய, ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்றி, மாதக்கணக்கில் தண்ணீரிலேயே வைத்திருந்தார்கள். நீங்கள் அங்கே பிறந்ததை அரசு மறுக்கவில்லை. உங்கள் பெற்றோர் சீனப் பேரரசரின் குடிகள், ஆகவே நீங்களும் அவருடைய குடிதான் என்பதே அதன் வாதம்.

இந்த வெறுப்பு எங்கிருந்து கிளம்பியது என்று படிக்கும்போது எனக்கு மிகுந்த வேதனை தந்தது, உழைப்பு தேவைப்பட்ட வரையில் உங்கள் மக்களை அழைத்தவர்களே பிறகு கதவைச் சாத்தினார்கள் என்பதுதான். சியர்ரா நெவாடா மலையைக் குடைந்து சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதையை அமைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். வெள்ளையருக்கு இணையான ஊதியம் கேட்டு 1867இல் அவர்கள் வேலையை நிறுத்தியபோது, உணவு வருவதைத் தடுத்து நிறுவனம் அவர்களைப் பணிய வைத்தது. 1869இல் பாதை முடிந்தது. 1873இல் பொருளாதாரம் சரிந்தது. வேலையிழந்த வெள்ளைத் தொழிலாளர்களின் கோபம் முதலாளிகளை விட்டுவிட்டுச் சீனர்கள் மேல் திரும்பியது. "சீனர்கள் வெளியேற வேண்டும்" என்று சான் பிரான்சிஸ்கோவில் கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கிய டெனிஸ் கியர்னி, அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்.

கியர்னியைப் பற்றிப் படித்த அதே வாரத்தில் ஜான் கானஸ் என்ற இன்னொரு அயர்லாந்துக்காரரையும் அறிந்துகொண்டேன். கலிஃபோர்னியாவின் செனட்டராக இருந்த அவரிடம் 1866இல், அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களைக் குடிமக்களாக்கும் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் விவாதிக்கப்பட்டபோது, சீனர்களின் பிள்ளைகளுமா குடிமக்கள் ஆவார்கள் என்ற கேள்வி வந்தது. ஆம், ஆக வேண்டும் என்று அவையிலேயே பதில் சொன்னார். ஒரே தீவிலிருந்து ஒரே மாநிலத்துக்கு வந்த இருவர். ஒருவர் தமக்குத் திறந்த கதவைப் பின்னால் வருபவருக்கும் திறந்து வைத்தார், மற்றவர் அதை அடைக்கப் பார்த்தார். குடியேறியவர்களாகிய நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது இதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். முறையாக விசா பெற்று வந்த நாங்கள் வேறு, மற்றவர்கள் வேறு என்ற பேச்சை நண்பர்களின் வீட்டு விருந்துகளில் நான் கேட்டதுண்டு. மறுக்காமல் இருந்ததும் உண்டு.

அந்தத் திருத்தம் நிறைவேறினாலும், கானஸின் குரல் பின்னர் தோற்றது. சீனர்கள் வருவதற்கு விதித்த இருபது ஆண்டுத் தடையை மறுத்துத் திருப்பி அனுப்பிய அதிபர் செஸ்டர் ஆர்தர், பத்து ஆண்டுத் தடைக்கு 1882 மே 6 அன்று கையெழுத்திட்டார். சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக் கூடாது, ஏற்கெனவே இருக்கும் சீனர்கள் குடியுரிமை பெறக் கூடாது என்பது அதன் சாரம். சட்டம் வந்ததும் வன்முறை அடங்கவில்லை: 1885இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். 1888இல் வந்த இன்னொரு சட்டம், ஊருக்குப் போய்த் திரும்புவதற்காக அரசே வழங்கியிருந்த சான்றிதழ்களை ஒரே நாளில் செல்லாதவையாக்கியது. ஏறத்தாழ 20,000 பேர் வெளியே நின்றுபோனார்கள்.

இப்படிப்பட்ட காலத்தில்தான், சீனர் சங்கங்களின் துணையோடு நீங்கள் வழக்காடினீர்கள். 1898 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் உங்கள் பக்கம் நின்றது. பெற்றோர் யாராக இருப்பினும், தூதர்களின் பிள்ளைகள் போன்ற மிகச் சில விலக்குகள் நீங்கலாக, இம்மண்ணில் பிறந்தவர் குடிமகனே என்று நீதிபதி ஹொரேஸ் கிரே எழுதினார். மறுத்த இருவரில் ஒருவர் ஜான் மார்ஷல் ஹார்லன். கறுப்பின மக்களைத் தனி ரயில் பெட்டியில் ஏற்றுவதை எதிர்த்து, அரசியலமைப்புக்கு நிறபேதம் தெரியாது என்று 1896இல் தனியொருவராக எழுதியவர் அவர். அதே எழுத்தில், நம்மிலிருந்து மிகவும் வேறுபட்டதால் குடியுரிமை பெற நாம் அனுமதிக்காத இனம் என்று சீனர்களைக் குறிப்பிட்டவரும் அவரே. அநீதியை அத்தனை தெளிவாகக் கண்ட கண்ணுக்கே உங்களைத் தெரியவில்லை என்பதை நினைக்கும்போது, வெறுப்பு பாமரரின் அறியாமையால் வருவது என்ற என் பழைய எண்ணம் ஆட்டம் காண்கிறது.

ஆனால், உங்களை வெற்றி பெற்றவராக மட்டும் நினைவுகூர என் மனம் ஒப்பவில்லை, ஐயா. தீர்ப்பு வந்து மூன்றே ஆண்டுகளில், 1901இல், டெக்சாஸின் எல் பாசோவில் நாட்டுக்குள் இருக்க உரிமை இல்லாதவர் என்று உங்களைக் கைது செய்தார்கள். நாட்டின் குடியுரிமைக்கே இலக்கணம் வகுத்த வழக்கின் நாயகர், 300 டாலர் பிணையில் வெளிவந்து, தாம் குடிமகன்தான் என்று மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. உங்கள் மனைவி சீனாவின் தைஷான் ஊரிலேயே வாழ்ந்தார். 1910இல் உங்கள் மூத்த மகன் வந்தபோது அதிகாரிகள் உங்கள் இருவரையும் தனித்தனியே துருவித் துருவிக் கேட்டார்கள். விடைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று சொல்லி, அவர் உங்கள் மகனே அல்ல என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்பினார்கள். எப்போதோ ஊருக்குப் போய்வர முடிந்த தந்தையும், தந்தையைப் பிரிந்தே வளர்ந்த மகனும், வீட்டைப் பற்றியும் ஊரைப் பற்றியும் ஒரே விடையைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தது அந்த விசாரணை. குடும்பத்தைப் பிரித்து வைத்ததும் சட்டம், பிரிந்திருந்ததையே குற்றத்துக்குச் சான்றாக்கியதும் சட்டம்.

1931இல் நீங்கள் கடைசி முறையாகச் சீனாவுக்குப் புறப்பட்டீர்கள். அதன் பிறகு திரும்பவில்லை. பத்து ஆண்டுக்கு என்று தொடங்கிப் பின்னர் நீட்டிக்கப்பட்ட அந்த 1882ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் நீக்கப்பட்டது 1943 டிசம்பரில்தான். அப்போதும் சீனர்களுக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 105 இடங்கள். 1931இல் கப்பலேறுவதற்கு முன், திரும்பி வருவதற்கான உரிமையை உறுதி செய்துகொள்ள நீங்கள் நிரப்பிய அரசாங்கப் படிவம் காப்பகத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. படிவத்தின் தலைப்பில், 'அமெரிக்கக் குடிமகன் எனச் சொல்லப்படும் சீன இனத்தவரின் விண்ணப்பம்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

அதன் கீழேதான் நீங்கள் கையெழுத்திட்டீர்கள்.

மிகுந்த மரியாதையுடன்,
கலிஃபோர்னியாவில் பிறந்த ஒரு சிறுமியின் தந்தை