ஆண்டறிக்கை: ஒரு படுக்கைப் பெட்டிக்குப் பதினோரு மாதம்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், கும்பகோணத்திலிருந்தும் திருவாரூரிலிருந்தும் பஸ் பிடித்து மயிலாடுதுறை வந்திருக்கும் நம் மாதிரி ரயில் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஆண்டறிக்கையை நான் வாசித்து முடித்ததும், "இத்தனை பக்கத்தில் ஒரு எஞ்சின்கூட ஓடவில்லையே" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. இந்த ஆண்டு ஓடியது ஒன்று உண்டு. எஞ்சின் பழையதுதான், அதன் பின்னால் மாட்டிய படுக்கைப் பெட்டி புதிது. ஆண்டு முழுக்க நாம் செய்தது அந்த ஒன்றைத்தான், ஆகையால் அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் சில்லறை விவரங்கள். பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பத்து நடந்தன. ஐப்பசிக் கடைமுகத்தன்று ஊரே துலாக்கட்டத்தில் நிற்கும்போது கூட்டம் வைத்தது என் தவறு. மூன்று பேர் வந்தோம், டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். இன்னொன்று மின்வெட்டில் போனது.

இனி பெட்டிக்கு வருகிறேன். சித்திரைக் கூட்டத்தில் நம் இளைய உறுப்பினர், கல்லூரி மாணவர், ஒரு கேள்வி கேட்டார்: "சின்னப் பாதையில் எல்லாம் யார் சார் படுத்துக்கொண்டு போயிருப்பார்கள்?" சரி, எது சின்னப் பாதை என்பதிலேயே அன்றைய கூட்டம் போய்விட்டது. வெளிநாட்டுக் கணக்கில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1435 மி.மீட்டருக்குக் குறைந்ததெல்லாம் நேரோ கேஜ், அதாவது சின்னப் பாதை. நம் கணக்கில் 1676 பிராட் கேஜ், 1000 மீட்டர் கேஜ், 762-ம் 610-ம் மட்டுமே நேரோ கேஜ். மீட்டர் கேஜை நேரோ என்று சொன்னதும், பொன்மலைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். அவரை உட்கார வைக்க இரண்டு டீ ஆயிற்று.

அடுத்த கூட்டத்துக்கு ஆசிரியர் உறுப்பினர் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தார். அமெரிக்காவில் டென்வர் அண்டு ரியோ கிராண்டி ரயில்வே 914 மி.மீ. பாதையிலேயே மலைகளைத் தாண்டி, 1883-ல் டென்வரிலிருந்து சால்ட் லேக் சிட்டி வரை வண்டி விட்டது. அந்தப் பாதைக்கென்றே ஒடுக்கமான படுக்கைப் பெட்டிகளைப் புல்மன் கம்பெனி கட்டிக் கொடுத்தது. 1890-ல் பிரதான வழி 1435-க்கு மாறியதும் அங்கே அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் 1067 மி.மீ. பாதை, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சுமார் 880 கிலோமீட்டர். அதில் 1969 வரை ஜனங்கள் படுத்துக்கொண்டுதான் போனார்கள். ஜப்பானில் 1998-ல் விட்ட சன்ரைஸ் வண்டி இன்றும் அதே 1067-ல் ராத்திரி முழுக்க ஓடுகிறது. நேரோ கேஜில் படுக்கை அபூர்வம் என்றால், பல வழிகள் விடிவதற்குள் தீர்ந்துபோகும் நீளம்தான் என்பதே காரணம்.

இவ்வளவு தூரம் போய்த் தேட வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. போட் மெயில் நம் வாசலில்தானே போனது? எழும்பூரில் ஏறிப் படுத்தவர் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் மூன்றையும் தூக்கத்திலேயே கடந்து தனுஷ்கோடியில் இறங்கி இலங்கைக்குக் கப்பல் ஏறினார். பாம்பன் பாலம் திறந்த 1914-லிருந்து 1964 டிசம்பர் புயல் வரை அந்த வழி இருந்தது. எல்லாம் மீட்டர் கேஜ். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-ல் போட்ட முதல் பாதை பிராட் கேஜ். 1870-களில் அதைச் சுருக்கி மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நூற்றுச்சொச்சம் வருஷம் கழித்து மறுபடி அகலமாக்கினார்கள். மெயின் லைனில் விழுப்புரம்–மயிலாடுதுறை பகுதி 2010-ல் மாறி முடிந்தது. தமிழ்நாட்டில் இன்று மீட்டர் கேஜ் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையம் போய் ஊட்டி ரயில் ஏற வேண்டும். அது 46 கிலோமீட்டர், பகல் வண்டி. படுக்கப் பெட்டி கிடையாது.

ஆக, நம் மாயவரம் ஜங்ஷன் மாதிரிக்கு ஒரு மீட்டர் கேஜ் படுக்கைப் பெட்டி வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. மூன்றடுக்குப் பெட்டி என்றுதான் பேச்சு தொடங்கியது. அத்தனை பெர்த் பலகையை யார் வெட்டுவது என்று கேட்டதும் அறையில் சத்தமே இல்லை. அப்புறம் முதல் வகுப்பு என்று முடிவு செய்தோம்: ஒரு பக்கம் நீள காரிடார், மறுபக்கம் நான்கு பேர் அறைகள், கடைசியில் இரண்டு பேருக்கான ஒரு கூபே.

நம் அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு; தண்டவாள இடைவெளி 12 மி.மீ. நிஜப் பெட்டியின் அகலம் 2743 மி.மீ., நீளம் சுமார் 19½ மீட்டர். நம் மேஜையில் அது 31½ மி.மீ. அகலம், 224 மி.மீ. நீளம். ஆறடி பெர்த் 21 மி.மீ. ஆகிறது. சுவர்களும் தடுப்பும் போகக் காரிடாருக்கு மிஞ்சியது ஏழரை மி.மீ. தலையில் பெட்டி வைத்த போர்ட்டர் பொம்மையை அதில் நிறுத்திப் பார்த்தோம். எதிரே ஒருவர் வந்தால் இருவரில் ஒருவர் அறைக்குள் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். மூத்த உறுப்பினர் சிரித்துக்கொண்டே, "அளவு சரியாக வந்திருக்கிறது" என்றார்.

பக்கச் சுவருக்குப் பித்தளைத் தகடு கும்பகோணத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் எடைக்கு வாங்கியது. கூரை, ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் அறுத்து வெந்நீரில் விரித்தது. ஜன்னல் கம்பிகள் பழைய டெலிபோன் ஒயரின் செம்பு இழைகள். பெர்த்துகள் கல்யாணப் பத்திரிகை அட்டை. மேலே பச்சை ரெக்சின் நிறம் அடித்தோம். ஒரு பெர்த்தின் அடியைப் புரட்டினால் மணமகள் பெயரில் பாதி இன்னும் தெரியும். மேல் பெர்த்தில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு ஒருவர் படுத்திருக்கிறார். கீழ் பெர்த்துக்கு அடியில் சுருட்டிக் கட்டிய ஹோல்டால் படுக்கை, பக்கத்தில் கூஜா. இந்தக் கூஜாவுக்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பொருளாளர் இன்றுவரை அதை மறக்கவில்லை.

விளக்குதான் என் சொந்த ஆசை. அறைக்கு ஒன்றாக, குருணை அளவு நீல எல்.இ.டி. வைத்தோம். கூட்ட அறை விளக்கை அணைத்துவிட்டு வண்டியை மெதுவாக நகர்த்தினால், கம்பி ஜன்னல்கள் வழியே அந்த நீலம் பிளாட்பாரத்தின்மேல் கட்டம் கட்டமாக நகர்ந்து போகிறது. சின்ன வயதில் மாமா மடியில் தூங்கி, எந்த ஸ்டேஷன் என்று தெரியாமல் கண் விழித்த ராத்திரிகள் எனக்கு அதில் தெரிந்தன. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பெட்டி தயார் ஆனது, வளைவைத்தான் யாரும் யோசிக்கவில்லை. நம் மேஜையின் மூலை வளைவு 380 மி.மீ. ஆரம். பெட்டியின் போகிகளுக்கு, அதாவது இரு முனையிலும் அடியில் உள்ள சக்கரத் தொகுதிகளுக்கு, நடுவே 157 மி.மீ. கணக்குப் போட்டால், பெட்டியின் வயிறு வளைவின் உள்பக்கம் எட்டு மி.மீ. தள்ளும், முனைகள் கிட்டத்தட்ட அதே அளவு வெளிப்பக்கம் போகும். இந்தக் கணக்கை நாங்கள் போட்டது கண்காட்சிக்கு மறுநாள். கண்காட்சியன்று, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் நூறு பேர் முன்னிலையில், பெட்டியின் வால் பிளாட்பார டீக்கடையைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். "இன்னொரு தடவை" என்று கேட்டார்கள், கேட்டபடி நடந்தது. டீக்கடையை இப்போது ஒரு விரல் தள்ளி வைத்திருக்கிறோம். ஆரத்தை 600 ஆக்க வேண்டுமானால் மேஜை வேறு, அறையும் வேறு.

கார்த்திகை மழையில் தரங்கம்பாடிப் பக்கத்துப் பலகை ஊறிப் புடைத்தது. 1926-ல் திறந்து 1980-களில் மூடிய அந்தக் கிளைப்பாதை நம் மேஜையிலும் இப்போது போக்குவரத்து இல்லாமல் கிடக்கிறது. பலகை மாற்ற மரப்பட்டறைக்காரர் சொன்ன விலையைப் பொருளாளர் வாசிப்பார். கூரியரில் நொறுங்கி வந்த சக்கரங்களுக்கு நஷ்ட ஈடு கேட்டு நான்கு கடிதம் எழுதினேன். "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று நான்கு பதில் வந்தது.

கணக்கு விவரம் தனித்தாளில் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று செயற்குழு முடிவு. அவர்கள் எல்லோரும் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலை. ஒன்று, தரங்கம்பாடிப் பலகை. இரண்டாவது, மூன்றடுக்குப் பெட்டி. இளைய உறுப்பினர் எல்லாப் பெர்த்தையும் தானே வெட்டித் தருவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வீட்டில் மிஞ்சிய கல்யாணப் பத்திரிகைகளை உறுப்பினர்கள் அவரிடம் சேர்க்கவும். கெட்டி அட்டையாக இருந்தால் நல்லது. சங்கத்தின் சாலிடரிங் அயர்னை எடுத்துப் போனவர் அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்