லைற் பூட்ட முதல்

கல்லடி

அன்பின் மகனுக்கு,

நீ அனுப்பின படம் பார்த்தன். பம்பரில ரெண்டு ஸ்பொட் லைற் பூட்டப் போறாய். வேணாமெண்டு சொல்லமாட்டன். இரவில கொழும்பால வரக்குள்ள வெலிகந்தை, புனானைப் பக்கம் ரோட்டில ஆனை நிண்டா, கறுப்புக்குள்ள கறுப்பு, கிட்டப் போனாத்தான் தெரியும். ஆனா ஹெட்லைற் வயரைச் சீவி அதிலயே கொழுவ மட்டும் விட்டிராத மனே.

போன கிழமை ஒரு வான் வந்த. அப்பிடித்தான் இழுத்திருக்கிறாங்க. சுவிச் உருகிப் போய்க் கிடக்கு. பியூஸ் அடிக்கடி போகுதெண்டு சிகரட் பெட்டி வெள்ளித்தாளைச் சுத்திச் செருகியும் இருக்கு! "இப்ப போறல்ல" எண்டு வான்காரருக்குச் சந்தோசம் வேற. உள்ளுக்க வயர் போற ஓட்டையில ரப்பர் வளையம் இல்ல. தகரம் அறுத்து அறுத்து, தோலுரிஞ்சு செம்பு மினுங்குது. இன்னும் ரெண்டு பள்ளத்தில விழுந்திருந்தா வான் எரிஞ்சிருக்கும்.

கணக்கைப் பார். 55 வோட் பல்ப் ரெண்டு, 110. பற்றறிட பன்னிரண்டு வோல்ற்றால பிரி, 9 அம்பியருக்கும் கூட. இந்தச் சுமையை ரிலேதான் தாங்கோணும், சின்னக் கரண்டால பெரிய கரண்டைப் போட்டு நிப்பாட்டுற சுவிச் அது. பற்றறி பிளஸ்ஸில இருந்து 15 அம்பியர் பியூஸ், அங்கயிருந்து ரிலேயில 30 எண்டு போட்ட முனைக்கு. லைற்றுக்கு 87. 85 ஏர்த். 86க்கு ஹை பீம் வயரில இருந்து ஒரு சுவிச் ஊடாக் குடு. அது கால் அம்பியரும் இழுக்காது, நீ டிம் பண்ணக்குள்ள ஸ்பொட்டும் தானா அணையும். எதிர வாற மோட்டசைக்கிள்காரனுக்கும் கண் இருக்குத்தானே.

பியூஸ் பற்றறியில இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கோணும். லைற்றுக்குப் பக்கத்தில வச்சா, நடுவழியில வயர் வாகனத்திட தகரத்தில உரசினா அதால ஒரு பிரயோசனமும் இல்ல. வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் வாங்கு. ஏர்த் பூட்டுற இடத்தில பெயின்றை வெள்ளித் தகரம் தெரியுமட்டும் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேல கிறீஸ் பூசு. உப்புக் காத்துக்குச் செம்பு பச்சை பூத்திரும். முறுக்கி ரேப் சுத்துற வேலை வேணாம்.

தொடங்க முதல் பற்றறி மைனஸைக் கழட்டு.

இதெல்லாம் எழுதினாலும் எனக்கு மனம் கேக்குதில்ல. பூரணை லீவுக்கு லைற்றைக் கொண்டு இங்க வா. ரிலே ரெண்டு பிஸ்கற் ரின்னுக்க கிடக்கு. பகலோட வந்து சேர். அம்மா தயிர்ச் சட்டிக்குச் சொல்லிவச்சிட்டா.

அப்பா