புதுசை வாசிக்க நேரம் கேள்

அன்பு மகள் அம்முவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். நீ அனுப்பிய நீளமான மெசேஜை நிதானமாகப் படித்தேன். போனில் பேசலாம் என்றால் இங்கே இரவாகும்போது அங்கே நீ ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் இருப்பாய். அதனால் எழுதிவிடுகிறேன்.

உங்கள் ஆர்கெஸ்ட்ராவின் 25ஆம் ஆண்டு சீசனில் ஒவ்வொரு கச்சேரியிலும் புதிதாக எழுதி வாங்கிய ஒரு படைப்பை வாசிக்க வேண்டும் என்று நீ சொன்னது சரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கமிட்டியில் மற்றவர்கள் தயங்குவதும் எனக்குப் புரிகிறது. எல்லோரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம்தான் கூடுகிறீர்கள். டிக்கெட் விற்றால்தான் ஹால் வாடகை கட்ட முடியும். விழா வருடத்தில் ஜனங்களுக்குத் தெரிந்த பீத்தோவனையும் ட்வோர்ஷாக்கையும் வாசித்துச் சந்தோஷமாக முடிப்போமே என்று அவர்கள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் நீ இருப்பது பாஸ்டனில். ஆண்டு விழாவைப் புதுப் படைப்புகளால் கொண்டாடுவது எப்படி என்று உலகத்துக்கே காட்டிய ஊர் அது. அந்தக் கதையைக் கமிட்டியில் எடுத்துச் சொல். விவரமாக எழுதுகிறேன், உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்.

பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1881இல் தொடங்கியது. ஹென்றி லீ ஹிகின்சன் என்கிற பணக்காரர் வருடா வருடம் விழுந்த துண்டைத் தன் கைக்காசைப் போட்டு அடைத்து அதை வளர்த்தார். கையில் காசில்லாதவர்களும் வந்து கேட்க வேண்டும் என்று 25 சென்ட் டிக்கெட்டும் வைத்தார். அதன் ஐம்பதாவது சீசன் 1930-31. அப்போது கண்டக்டர் செர்கேய் கூசவிட்ஸ்கி. ரஷ்யாக்காரர், டபுள் பாஸ் வாசித்துப் பெயர் வாங்கியவர். 1924 முதல் 1949 வரை பாஸ்டனில் இருந்தார். காலத்தைக் கவனி: 1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்து சரியாக ஒரு வருடம். வேலை போனவர்கள் தெருவில் நிற்கிறார்கள். செலவைக் குறைக்க, பழசையே வாசிக்க, இதைவிட நல்ல சாக்கு யாருக்கும் கிடைக்காது. அந்த நேரத்தில் இந்த மனிதர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஹிண்டமித், ப்ரோகோஃபியெவ், ரூசெல், ஹோனகர், ராவெல், அமெரிக்கர்களில் ஹோவர்ட் ஹான்சன், ஏரன் கோப்லண்ட் என்று இசையமைப்பாளர்கள் ஆளாளுக்குச் சொல்லிவிட்டார், எங்கள் ஐம்பதாம் ஆண்டுக்கு எழுதிக் கொடுங்கள் என்று. அக்டோபரில் ரூசெலின் மூன்றாவது சிம்பொனி, நவம்பரில் ப்ரோகோஃபியெவின் நான்காவதும் ஹான்சனின் இரண்டாவதும், டிசம்பரில் ஸ்ட்ராவின்ஸ்கி, பிப்ரவரியில் ஹோனகரின் முதல் சிம்பொனி, ஏப்ரலில் ஹிண்டமித். ஒரே சீசனில் இத்தனையும்.

ஸ்ட்ராவின்ஸ்கி எழுதியதுதான் ‘சிம்பொனி ஆஃப் சாம்ஸ்’. ஜனங்களுக்குப் பிடித்த மாதிரி ஏதாவது எழுதுங்கள் என்று பதிப்பாளர் கேட்டாராம். அவர் எடுத்துக்கொண்டது வேதாகமத்தின் சங்கீதங்களை, அதாவது பைபிளில் இருக்கிற பாட்டுகளை. அதைவிட அதிகம் பேருக்குத் தெரிந்தது எது? ஆனால் ஆர்கெஸ்ட்ராவில் என்ன செய்தார் தெரியுமா, வயலினும் கிடையாது, வயோலாவும் கிடையாது, கிளாரினெட்டும் கிடையாது. ஐந்து புல்லாங்குழல், ஐந்து டிரம்பெட், இரண்டு பியானோ, ஹார்ப், கீழே செல்லோவும் டபுள் பாஸும், அதோடு கோரஸ். உலகத்தின் சிறந்த தந்தி வாத்திய ஸ்ட்ரிங்ஸ் செக்‌ஷன்களில் ஒன்று உட்கார்ந்திருக்கிற மேடைக்கு, அவர்களுடைய பிறந்த நாளுக்கு, வயலின் இல்லாத பரிசு! வயோலாக்காரனான எனக்கே அதில் வேலை இல்லை. உன் செல்லோவுக்கு இருக்கிறது. தைரியம் என்றால் இதைத்தான் சொல்வேன். முகப்பில், இறைவனுடைய மகிமைக்காக எழுதியது, பாஸ்டன் சிம்பொனியின் ஐம்பதாம் ஆண்டுக்குச் சமர்ப்பணம் என்று போட்டிருக்கிறார்.

150ஆம் சங்கீதம் உனக்கு மனப்பாடம். சர்ச் கொயரில் நீ முன் வரிசையில் நின்று பாடியதுதான். ‘பேரோசையுள்ள கைத்தாளங்களைக்கொண்டு அவரைத் துதியுங்கள்’ என்ற இடம் வந்தால் எந்த இசையமைப்பாளரும் தாளத்தை ஓங்கி அடிக்க வைப்பார். ஸ்ட்ராவின்ஸ்கியின் ஆர்கெஸ்ட்ராவில் கைத்தாளமே இல்லை. அந்த வரியைக் கோரஸ் மெதுவாக, மிக மெதுவாகப் பாடுகிறது. அடியில் டிம்பனி முரசும் ஹார்ப்பும் பியானோக்களும் நான்கே நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. மேலே பாட்டு மூன்று மூன்றாகப் போகிறது, கீழே அடி நான்கு நான்காக வருகிறது. அதனால் அந்த நான்கு நோட் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வார்த்தையின் கீழ் வந்து விழும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு டிம்பனியை மட்டும் காதால் பிடித்துக்கொண்டே போய்ப் பார். இத்தனை வருடம் தாளத்தோடு குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன், அந்த இடத்தைக் கேட்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிடும்.

ஹிண்டமித் நேர் எதிர். ஸ்ட்ரிங்ஸும் பித்தளை வாத்தியங்களும் மட்டும். புல்லாங்குழல், ஓபோ எதுவும் இல்லை. ஐம்பதாம் ஆண்டுக்கு எழுதிய அந்தப் படைப்பின் எண்ணும் ஓபஸ் 50. ஹான்சனோ இன்னொரு பக்கம் போனார். மற்றவர்கள் எல்லாம் கரடுமுரடாக எழுதுகிற காலத்தில் மனசைத் திறந்து மெலடியாக எழுதி, அதற்கு ‘ரொமான்டிக்’ என்றே பெயரும் வைத்தார். 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் கடைசியில் கேட்கிறதே, அது இந்தச் சிம்பொனிதான். புதுசு என்றாலே காதைக் கிழிக்கும் என்று உங்கள் கமிட்டியில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவருக்கு இதைப் போட்டுக் காட்டு.

சரி, எல்லாம் வெற்றியா என்றால், இல்லை. ப்ரோகோஃபியெவின் நான்காவதுக்குப் பெரிய வரவேற்பு இல்லை. அவரே 1947இல் அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டி, வேறு ஓபஸ் எண் கொடுக்கிற அளவுக்கு மாற்றினார். ராவெலிடம் கேட்டது பியானோ கான்செர்ட்டோ. சீசனுக்குள் அவரால் முடிக்க முடியவில்லை. அது 1932 ஜனவரியில் பாரிஸில்தான் முதலில் ஒலித்தது. ஸ்ட்ராவின்ஸ்கியும்கூட பாஸ்டனில் முதலில் வரவில்லை. கூசவிட்ஸ்கிக்கு உடம்பு சரியில்லாமல் கச்சேரி தள்ளிப்போக, பிரஸ்ஸல்ஸில் சில நாள் முன்னாலேயே வாசித்துவிட்டார்கள். இதனால் பாஸ்டனுக்கு என்ன குறைந்துபோனது? அந்த சீசனை இன்றைக்கும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது கோப்லண்டின் கதை. அவர் எழுதியது ‘சிம்பொனிக் ஓட்’. ஒத்திகையில் வைத்துப் பார்த்தார்கள், ஆர்கெஸ்ட்ராவால் முடியவில்லை. தாளம் அவ்வளவு சிக்கல். பாருக்குப் பார், அதாவது ஒவ்வொரு தாளக் கட்டத்துக்கும், கணக்கு மாறிக்கொண்டே போகிறது. கூசவிட்ஸ்கி அதை அப்படியே மேடையேற்றிச் சமாளித்திருக்கலாம், விழா வருடம் ஆயிற்றே. செய்யவில்லை. தள்ளி வைத்தார். கோப்லண்ட் வீட்டுக்குப் போய், காதில் விழுவது மாறாமல், தாளில் எழுதியிருக்கிற விதத்தை மட்டும் மாற்றினார். பார் கோடுகளை எளிய கணக்குக்கு நகர்த்தினார். வாசிக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று உனக்குத் தெரியும். ஏழு, ஐந்து, மூன்று என்று ஒவ்வொரு பாருக்கும் தலையை ஆட்டி எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு, கண்டக்டர் நாலு நாலாகக் கை போட, அழுத்தம் மட்டும் இடம் மாறி வந்தால், மூச்சு விட நேரம் கிடைக்கும், பக்கத்தில் இருப்பவன் வாசிப்பது காதில் விழும். 1932 பிப்ரவரியில்தான் அது மேடையேறியது. அதோடு முடியவில்லை. பாஸ்டன் சிம்பொனியின் 75ஆம் ஆண்டு வந்தபோது கோப்லண்ட் 1955இல் அதை மறுபடி செப்பனிட்டுக் கொடுத்தார். ஐம்பதுக்கு வர முடியாதது எழுபத்தைந்துக்கு வந்தது.

நான் சொல்ல வருவது இதைத்தான், அம்மு. கமிட்டியில் நீங்கள் எல்லோரும் பேசியது புதுசு வேண்டுமா வேண்டாமா, எழுதுகிறவருக்கு எவ்வளவு பணம், டிக்கெட் விற்குமா என்பதையே. ஒத்திகையைப் பற்றி உன் மெசேஜில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் என் கவலை.

கோடம்பாக்கத்தில் என் வாழ்க்கை முழுக்க நான் வாசித்தது புதுசுதானே? ஒன்பது மணி கால்ஷீட். போய் உட்கார்ந்தால் ஸ்டாண்டுக்கு நோட்ஸ் வரும். சில நாள் காப்பி எழுதியவருடைய பேனா மை காய்ந்திருக்காது, விரல் பட்டால் ஒரு நோட் வால் முளைத்து அடுத்த கோட்டுக்குப் போய்விடும். உலகத்தில் யாருமே அதுவரை கேட்காத பாட்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் டேக் ஓகே. எங்களுக்குப் பயம் வந்ததில்லை. ஏனென்றால் எழுதியவர் எதிரிலேயே நின்றார். வயோலாவில் இந்த இடம் எஃபா, எஃப் ஷார்ப்பா என்று வில்லைத் தூக்கிக் கேட்டால் அங்கேயே பதில் கிடைக்கும். சரிவரவில்லை என்றால் அவரே பென்சிலால் அடித்து மாற்றித் தருவார். மானிட்டர் பார்ப்போம், திரும்பப் பார்ப்போம், அப்புறம்தான் சிவப்பு லைட் எரியும். நாங்கள் முதல் தடவை வாசித்துப் பார்த்ததைக் கேட்டிருந்தால், ஜனங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பாட்டுகளில் பாதியை வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்.

மேடையில் வேறு மாதிரியும் பார்த்திருக்கிறேன். ஒரு இளைஞர் உயிரைக் கொடுத்து எழுதிய படைப்பு. ஏற்பாடு செய்தவர்கள் ஒத்திகைக்கு நேரம் ஒதுக்கவே இல்லை. கச்சேரி அன்று காலையில்தான் முழுசாக ஓட்டிப் பார்த்தோம். சாயங்காலம் நடுவில் ஓரிடத்தில் இரண்டு செக்‌ஷனும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது. கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? வாசித்தவர்கள் தயாராக இல்லை என்றா? ‘இந்தப் புது மியூசிக்கே இப்படித்தான்’ என்று எழுந்து போனார்கள். அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தெரிந்த பீத்தோவனில் தப்பு வந்தால் வாசித்தவனைத் திட்டுவார்கள். தெரியாததில் தப்பு வந்தால் எழுதியவனைத் திட்டுவார்கள். அதனால் புதுசை எடுக்கிறவர்களுக்குப் பொறுப்பு இரண்டு பங்கு.

ஆகவே கூட்டத்தில் இப்படிக் கேள். எழுத்துக் கூலிக்குப் பணம் ஒதுக்கும்போதே கூடுதல் ஒத்திகைக்கும் சேர்த்து ஒதுக்கச் சொல். அது முடியாது என்றால் புதுப் படைப்புகளைக் குறைத்துக்கொள், ஒத்திகையைக் குறைக்காதே. பார்ட்ஸ், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனியாக எழுதிய நோட்ஸ், கச்சேரிக்கு மூன்று மாதம் முன்னால் கைக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடு. எழுதுகிறவரைக் கடைசி ஒத்திகைக்கு மாலை மரியாதையோடு கூப்பிடுவதைவிட, முதல் ஒத்திகைக்குப் பென்சிலோடு கூப்பிடு. உங்கள் ஆட்களின் கைக்கு எது வரும், எது வராது என்று அவர் அப்போதே பார்த்துவிடட்டும். முடிந்தால் அதே படைப்பை அதே வாரம் இன்னொரு இடத்திலும் வாசியுங்கள், ஒரு பள்ளிக்கூடமோ சர்ச் ஹாலோ போதும். பாஸ்டன் சிம்பொனி அந்தக் காலத்தில் வெள்ளி மத்தியானம் வாசித்த நிகழ்ச்சியையே சனி இரவும் வாசிக்கும். இரண்டாவது நாள் வாசிப்பு எப்போதும் தெளிவாக இருக்கும், உனக்கே தெரியும். புதுசை நிகழ்ச்சியின் ஆரம்பத்தில் போட்டு, தாமதமாக வருகிறவர்களுக்குப் பலி கொடுக்காதே. இன்டர்வெலுக்கு முன்னால் வை, அப்புறம் வெளியே காபி குடித்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டாம் பாதியில் உங்கள் ட்வோர்ஷாக் தாராளமாக வரட்டும். அவரையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒன்று தயார் ஆகவில்லை என்றால் தள்ளிப்போட வெட்கப்படாதீர்கள். 26ஆம் வருடமும் வருடம்தான்.

சிம்பொனி ஹாலுக்குப் போகும்போது மேடையைச் சுற்றி மேலே இருக்கிற பூ வேலைச் சட்டங்களைப் பார். 1900இல் ஹால் கட்டியபோது இசை மேதைகளின் பெயரைப் பொறிக்கத்தான் அவற்றை வைத்தார்கள். பீத்தோவன் பெயர் ஒன்றில் மட்டும்தான் எல்லோரும் ஒத்துப்போனார்கள். மற்றவை இன்றைக்கும் காலியாகவே இருக்கின்றன. கமிட்டியில் பீத்தோவன் பெயரைச் சொல்லி உன்னை மடக்குகிறவர்களை ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போ. அவருக்குப் பக்கத்தில் எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது என்று அவர்களே பார்க்கட்டும்.

புதுப் படைப்புக்கு யாரை எழுதச் சொல்லப் போகிறீர்கள் என்று நீ எழுதவில்லை. முடிவானதும் சொல். ஸ்கோர் வந்ததும் வயோலா பார்ட்டை ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பு. இங்கே உட்கார்ந்து வாசித்துப் பார்த்து, கைக்கு வராத இடத்தில் குறி போட்டு அனுப்புகிறேன். உங்கள் வயோலா ஆட்களுக்கு உபயோகப்படும். வில்லுக்குப் புது மயிர் கட்டக் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் வந்துவிடும். அம்மா கேட்கச் சொன்னாள்: டிசம்பரில் வருகிறாயா, கச்சேரி குறுக்கே வருகிறதா? வருவதென்றால் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு.

கூட்டம் முடிந்ததும் எந்த நேரமானாலும் போன் செய். முழித்திருப்பேன்.

பிரியமுள்ள,
அப்பா