லாரி சோதனை மலை இறங்கும் முன் நடக்கட்டும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். கேரட், முட்டைகோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரிகளை, குன்னூருக்குக் கீழே மலைப்பாதையில் இருக்கும் பர்லியாறில் மறித்துப் பார்த்து என்ன பயன்? அதற்குள் மலையில் பாதிக்கும் அதிகமாக இறங்கியாகிவிடும். பிரேக் டிரம் கொதித்துக்கொண்டிருக்கும். எடை, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பிரேக் எல்லாவற்றையும் குன்னூரிலேயே பார்க்கச் சொல்லி ஆர்டிஓ அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறோம்.

நம் பக்கமும் சரியாக இருக்க வேண்டுமல்லவா? அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 2,000. மிகுதிச் சரக்கையும் இறக்க வைப்பார்கள். வாடகை லாபம் அதிலேயே போய்விடும். அப்புறம், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் டிரைவர்களைத் தயவுசெய்து கண்டியுங்கள். ஏறிய கியரிலேயே இறங்கட்டும்.

மனுவில் கையெழுத்திடுபவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி எண்ணை இங்கே பதிவிடவும்.