மூட்டையின் எடை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

கஞ்சா வழக்குச் செய்திகள் மூட்டையின் எடையோடு நின்றுவிடுகின்றன. போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூ, காய்க் கொத்து மட்டுமே. கொத்தோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. 21 கிலோ மூட்டையைப் பிரிக்காமல் எடை போட்டு ‘வணிக அளவு’ என்று வழக்குப் போடுவதில்தான் சிக்கல். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு சிறை. ஜாமீனுக்குப் பிரிவு 37 குறுக்கே நிற்கும்.

அந்த எடை நிரூபணமாகாவிட்டாலும் வழக்கு முழுதாக விழுந்துவிடாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 245 (பழைய 222) படி, தனியாகக் குற்றச்சாட்டு வனையாமலே இடைப்பட்ட அளவுக்கு (1 கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குள்) தண்டிக்கலாம். அதில் உச்சம்தான் 10 ஆண்டு, குறைந்தபட்சம் கிடையாது. 1 கிலோ வரை என்றால் அதிகபட்சம் ஓராண்டு.

‘குற்றம் முடியவில்லை, முயற்சிதானே, பாதித் தண்டனை’ என்ற நினைப்பும் வேண்டாம். அது பொதுவான குற்றங்களுக்கு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 28 முயற்சிக்கும் முழுத் தண்டனையே விதிக்கிறது. ஆகவே வாதாட வேண்டியது எடையில். அதே சட்டத்தின் பிரிவு 52அ-வின்படி குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னிலையில் மாதிரி எடுக்கும்போதே தண்டு, இலை, கொத்து ஆகியவற்றின் எடையைத் தனித்தனியே பதியச் சொல்லிக் கேட்க வேண்டும். சரக்கை அழித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

ஒரு வழக்கறிஞர், மதுரை