எடை போட்டுவிட்டு டெண்டர் விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

குப்பையிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் எத்தனை மெகாவாட், எத்தனை கோடி என்பதெல்லாம் இருந்தது. அந்தக் குப்பையில் ஈரம் எவ்வளவு என்பது மட்டும் இல்லை. டெல்லி திமார்ப்பூரில் 1980-களில் தினம் 300 டன் எரிக்க அமைத்த ஆலை 21 நாட்களில் நின்றுபோனது. வந்த குப்பையில் ஈரமும் மண்ணும் மிகுதி. உலை கேட்ட வெப்பத்தில் பாதிகூட அதில் இல்லை.

குப்பையில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று கண்டறியப் பெரிய செலவு ஆகாது. வீடுகள், சந்தை, ஓட்டல் பகுதி என்று தனித்தனியாக ஒரு வண்டிக் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டைத் தள்ளிவிட வேண்டும். மீதியை மீண்டும் கலந்து பிரித்து, 100 கிலோ அளவுக்கு வந்ததும் உணவுக் கழிவு, சருகு, பிளாஸ்டிக், துணி, நாப்கின், மண் என்று பிரித்து எடை போடலாம். ஞாயிறு உட்பட ஏழு நாளும் செய்யவேண்டும். இறைச்சிக் கழிவு அன்றுதான் கூடுகிறது. மழைக்காலத்தில் மறுபடியும் செய்யவேண்டும். இல்லாவிட்டால் எடைமேடை காட்டும் டன்னில் மழைநீரும் சேர்ந்துவிடும்.

குப்பையை மட்கவைத்து உரமாக்கும் மையங்களிலும் கணக்குத் தவறுகிறது. அங்கே தவறுவது தொட்டியின் அளவு. மட்க 45 நாள் ஆகும். தினம் 1 டன் வந்தால் தொட்டிகளில் ஒரே நேரத்தில் 45 டன் கிடக்கும். கனமீட்டருக்கு அரை டன் என்று வைத்தால் 90 கனமீட்டர். மட்கி அமுங்கும் என்று இதில் பாதியைக் கழிக்கிறார்கள். சருகு சேர்க்கவும் புரட்டிப் போடவும் அந்த இடம் திரும்பத் தேவைப்படுகிறது. தொட்டி போதாதபோது 25, 30 நாளிலேயே அள்ளிவிடுகிறார்கள். பாதி மட்கிய ஈரக் குப்பை சல்லடையை அடைத்துக்கொள்ளும், நாற்றம் எழும், அக்கம்பக்கத்தார் போராடி மையத்தை மூடவைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் குப்பை உரத்தில் குறைந்தது 90 விழுக்காடு 4 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும். இந்தக் குப்பை இறங்காது.

சருகுக்கும் திட்டத்தில் இடம் வேண்டும். உணவுக் கழிவோடு குறைந்தது அதே கன அளவு சருகு சேர்ந்தால்தான் காற்றோட்டம் கிடைத்து, குவியலின் வெப்பம் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கலவையைக் கைப்பிடியில் இறுக்கினால் தண்ணீர் சொட்டக்கூடாது. மாசி, பங்குனியில் கொட்டும் சருகைத் தெருவிலேயே கொளுத்துகிறோம். ஐப்பசி மழையில் அதுவே கிடைக்காமல் தொட்டி கூழாகிறது. மையத்தை ஒட்டிக் கூரையுள்ள சருகுக் கிடங்கு ஒன்றைத் திட்ட அறிக்கையிலேயே சேர்க்கவேண்டும்.

வார்டுவாரியான மாதிரி எடைகளையும், தொட்டிகள் எத்தனை நாள் குப்பையைத் தாங்கும் என்ற கணக்கையும் டெண்டருக்கு முன்பே நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும் என்று உங்கள் இதழ் வற்புறுத்தவேண்டும்.

– திடக்கழிவு மேலாண்மைப் பணியிலுள்ள வாசகர்கள்