தீர்ப்பின் கடைசிப் பக்கத்தையும் செய்தியில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உச்ச நீதிமன்றச் செய்தி இல்லாமல் தங்கள் நாளிதழ் வரும் நாள் குறைவு. ‘சரமாரி கேள்வி’, ‘குட்டு’, ‘காட்டம்’, ‘அதிரடி’ என்று தலைப்புகள் விழுகின்றன. நீதிபதிகள் என்ன பேசினார்கள் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. யாரை, எதை, எந்தத் தேதிக்குள் செய்யச் சொன்னார்கள் என்பதுதான் தெரிவதில்லை. இதனால் வட ஆற்காட்டு மக்களுக்கு வரும் கஷ்டத்தைப் பாலாற்று வழக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகை பாழானது குறித்துத் தீர்ப்பளித்தது. இதே அமர்வுதான் அந்த ஆண்டு ஏப்ரல் 8-இல் ஆளுநர் வழக்கிலும் தீர்ப்புச் சொன்னது. ஆளுநர் தீர்ப்பை வாரக்கணக்கில் அலசினார்கள், அலச வேண்டியதுதான். பாலாற்றுத் தீர்ப்போ ஓரிரு நாளில் பேச்சிலிருந்தே போய்விட்டது.

அதன் உத்தரவுப் பகுதியைப் பாருங்கள். இதே மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம், 2001 மார்ச் 7 தேதியிட்ட அவார்டில் (யாருக்கு எவ்வளவு இழப்பீடு என்ற உத்தரவில்) 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாயை 547 ஆலைகள் தர வேண்டும் என்று கணக்கிட்டிருந்தது. 2009 ஆகஸ்ட் 24-இல் இன்னொரு அவார்டு வந்தது. இந்த இரண்டின்படியும் பணம் கிடைக்காமல் இருப்பவர்களுக்கு மாநில அரசே 6 வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், பிறகு மாசுபடுத்திய ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது 2025 உத்தரவு. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. வழக்கை அத்தோடு மூடிவிடவும் இல்லை. உத்தரவு எந்த அளவில் நிறைவேறியது என்று நான்கு மாதத்தில் அறிக்கை கேட்டது.

இதை ‘பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு 6 வாரத்தில் இழப்பீடு’ என்று ஒரே வரியில் போட்டால், கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன எல்லாரும் பட்டா நகலை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவார்கள். அவார்டுப் பட்டியலில் பேர் இருக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும். பேர் இல்லாதவர் அன்று முழுக்க வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான். பேர் இருந்து, பட்டியலில் உள்ளவர் இறந்துபோயிருந்தால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். 2001-க்கும் 2025-க்கும் நடுவில் ஒரு தலைமுறையே போய்விட்டது அல்லவா? ‘2001, 2009 அவார்டுகளில் பேர் உள்ளவர்களுக்கு, இதுவரை பணம் வராதிருந்தால்’ என்று அரை வரி சேர்த்திருந்தால் பலருடைய பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. தீர்ப்பின் தலைப்பில் ‘வேலூர் மாவட்டம்’ என்று இருக்கும். 1996 தீர்ப்புக்குக் காரணமான வழக்கு தொடங்கிய 1991-இல் அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 2019 நவம்பரில் மூன்றாகப் பிரிந்த பிறகு வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ராணிப்பேட்டையும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டம். பேர்ணாம்பட்டுதான் வேலூரில் தங்கியது. ஒரு தீர்ப்புக்கு இப்போது மூன்று கலெக்டர்கள். வேலூர்ப் பக்கத்தில் மட்டும் செய்தி போட்டால், அதிகம் பாதிக்கப்பட்ட ஊர்களின் பக்கத்தில் அது வராமலே போகும்.

தீர்ப்புகளில் வரும் எண்களையும் கவனித்து எழுத வேண்டும். 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசான் உத்தின், கே. வெங்கடசாமி அமர்வு வழங்கிய தீர்ப்பு, நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. கேடு வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டின் சட்டம் என்று சொன்ன தீர்ப்பு அது. ‘35,000 ஹெக்டேர் நிலம் பாழ்’ என்ற எண்ணை அதிலிருந்துதான் எல்லாரும் எடுக்கிறார்கள், நீதிமன்றமே அளந்து கண்டுபிடித்ததுபோல எழுதுகிறார்கள். அந்தப் பத்தியை நிறுத்தி வாசித்தால், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த முதற்கட்ட ஆய்வின்படி இப்படிச் சொல்லப்படுகிறது என்றுதான் இருக்கும். நிலமும் ‘பகுதியாகவோ முழுமையாகவோ’ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்றே இருக்கும். பாதிப்பு சிறியது என்று சொல்ல வரவில்லை. எண்ணை யார் சொன்னது என்பதை விட்டுவிட்டால், நாளைக்கு எதிர்த்தரப்பு அந்த ஓட்டையில்தான் கை வைக்கும்.

அடுத்து, சொற்கள். ‘ஒத்திவைப்பு’ என்ற ஒரே சொல்லைத் தீர்ப்பைத் தள்ளி வைப்பதற்கும் விசாரணையைத் தள்ளி வைப்பதற்கும் பயன்படுத்துகிறோம். முதலாவதில் வாதம் முடிந்துவிட்டது. இரண்டாவதில் வாதம் ஆரம்பிக்காமல்கூட இருக்கலாம். ‘நோட்டீஸ்’ என்றால் எதிர்த்தரப்பைப் பதில் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மனுதாரர் ஜெயித்துவிட்டதாகத் தொனிக்கக் கூடாது. ‘தடை’ தற்காலிகம், ‘ரத்து’ முடிவு. தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுபடி பார்க்கக் கேட்கும் சீராய்வு மனு போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. தனியாகத் தடை வாங்கினால்தான் நிற்கும்.

இவற்றில் அதிகம் தவறு நடப்பது ‘மேல்முறையீடு தள்ளுபடி’ என்பதில். அரசியலமைப்பின் 136-வது பிரிவில் வரும் சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் எதுவும் சொல்லாமல் தள்ளுபடி செய்தால், உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ‘உறுதி செய்தது’ என்று எழுத முடியாது. மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை, அந்தத் தரப்பினரைப் பொறுத்தவரை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நிற்கிறது, அவ்வளவே அதன் பொருள். 2000-இல் குன்ஹயம்மது வழக்கில் உச்ச நீதிமன்றத்தாலேயே இது தெளிவாகச் சொல்லப்பட்டுவிட்டது. 141-வது பிரிவின்படி நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் அப்படிப்பட்ட ஒற்றை வரியிலிருந்து பிறக்காது.

விசாரணையின்போது நீதிபதிகள் வாய்மொழியாகச் சொல்வதை எழுத வேண்டாம் என்று கேட்கவில்லை. 2021 ஏப்ரலில் தேர்தல் ஆணையத்தைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் வாய்மொழியாகச் சொன்ன கடுமையான வார்த்தைகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. அந்த ஆண்டு மே 6-இல் வந்த தீர்ப்பு, அதைப் பத்திரிகைகள் எழுதுவதைத் தடுக்க மறுத்தது. அப்படிச் சொன்னவை உத்தரவில் இடம்பெறவில்லை, அதனால் அவற்றை நீக்கும் பேச்சே எழவில்லை என்றும் சொன்னது. ஆகவே வாய்மொழிக் கருத்துக்கு ‘உத்தரவு’ என்று தலைப்பு வைக்கக் கூடாது. ‘விசாரணையின்போது நீதிபதி கருத்து’ என்று போட்டால் சரியாக இருக்கும்.

செய்தி எழுதும் நிருபருக்கு இதெல்லாம் பெரிய வேலை இல்லை. தீர்ப்பு அன்றைக்கோ மறுநாளோ உச்ச நீதிமன்ற இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. முதல் பக்கத்தில் வழக்கு எண்ணையும் அமர்வில் எத்தனை நீதிபதிகள் என்பதையும் பார்க்க வேண்டும். மேலே ‘ரிப்போர்ட்டபிள்’ என்று இருப்பது சட்ட இதழ்கள் வெளியிடுவதற்கான குறிப்பு. ‘நான்-ரிப்போர்ட்டபிள்’ என்றால் பத்திரிகையில் போடக் கூடாது என்று பொருள் இல்லை. அடுத்து நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போக வேண்டும். உத்தரவு பெரும்பாலும் அங்கேதான் பத்தி பத்தியாக இருக்கும். நடுவில் வருவதில் பெரும்பகுதி இரு தரப்பு வக்கீல்களின் வாதம். அதை நீதிமன்றம் சொன்னதாக எடுத்து எழுதுவதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன. தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் படிக்கலாம். சந்தேகம் வந்தால் ஆங்கில மூலத்தையே நம்ப வேண்டும்.

கெடு உள்ள உத்தரவு என்றால் நாட்காட்டியில் அன்றைக்கே குறித்துவிட வேண்டும். ஜனவரி 30-லிருந்து 6 வாரம் என்றால் மார்ச் 13. நான்கு மாதம் என்றால் மே கடைசி. அந்த இரண்டு தேதிகளிலும் ஒரு நிருபரை அனுப்பியிருந்தால் போதும், தீர்ப்பு நாளில் வந்ததைவிடப் பெரிய செய்தி கிடைத்திருக்கும்.

இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மூன்று கலெக்டர் அலுவலகங்களின் பொதுத் தகவல் அலுவலர்களுக்கும் தனித்தனியாக மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘இழப்பீட்டு விவரம்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். தாலுகாவாரியாக அவார்டில் எத்தனை பேர், 2025 ஜனவரி 30-க்கு முன் எத்தனை பேருக்குப் பணம் போனது, அதற்குப் பின் எத்தனை பேருக்கு, ஆலைகளிடம் வசூலானது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று ஐந்து கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள். வரும் பதிலை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று பக்கங்களிலும் ஒரே நாளில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
ராணிப்பேட்டை